டொக்டருக்குப் பக்கத்தில் நின்று எழுதுபவர் யார்?

(எமது வானொலியின் நலவாழ்வு நேரத்தில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம். நேயர்கள் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே தரப்படுகிறது.)



கடந்த சில வருடங்களாக ஒரே கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டு வருகிறார்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் வந்த ஒரு ஐயா கேட்டார். பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு ஓடிய ஒரு அம்மம்மாவும் கேட்டார். "டொக்டர் வரேக்க கூடவே ஒரு இளம்பிள்ளையும் வந்தது. எங்களோட ஒண்டும் கதைக்கேல்லை, தொடவும் இல்லை. சில்லுப் பூட்டின மேசையில கொம்பியூட்டரை வைச்சு, நாங்கள் சொன்னதெல்லாத்தையும் தட்டிக்கொண்டு நிண்டுது. ஆர் அது? ஏன் எழுதுது? அந்த எழுத்து எங்க போகுது?"

மெல்பேர்ண் வைத்தியசாலைகளில் பல வருடங்கள் தமிழ் உரைபெயர்ப்பாளராக வேலை செய்தவள் நான். அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று, ஒருவர் சொல்லுவது எப்படி எழுத்தாகிறது என்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இன்றைய உரைக்கு இதையே எடுத்துக்கொண்டேன்.

அவரை ஆங்கிலத்தில் ‘ஸ்கிறைப்’ என்பார்கள். தமிழில் மருத்துவக் குறிப்பெழுதுநர் என்று சொல்லலாம். வைத்தியர் உங்களோடு கதைத்து, உங்களைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், அவருக்காகக் குறிப்பை எழுதுவதுதான் இவருடைய வேலை.

வேலைதான் புதிது, வழக்கம் எங்களுக்குப் புதிதல்ல. ஊரில் கச்சேரி வாசலில் பெட்டிசம் எழுதுபவர்கள் ரைப்றைற்றரோடு இருந்தது வயதானவர்களுக்கு நினைவிருக்கும். நாங்கள் வாயால் சொல்ல அவர்கள் எழுதுவார்கள். இன்னும் பின்னுக்குப் போனால், சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் ‘திருமந்திர ஓலை’ என்றொரு உத்தியோகம் வரும். அரசன் வாயால் சொல்லும் கட்டளையை ஓலையில் எழுதுபவர் அவர். அவருக்கு மேலே ‘திருமந்திர ஓலைநாயகம்’ என்று இன்னொருவர் இருந்தார். எழுதியதைப் பார்த்து ஒப்புக்கொள்வது அவர் பொறுப்பு. வைத்தியசாலையிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். ஸ்கிறைப் எழுதுவார், வைத்தியர் வாசித்துத் திருத்தித் தன் பெயரில் ஒப்பமிட வேண்டும். ஒப்பம் விழுந்த பிறகு அது வைத்தியருடைய குறிப்பு. அதில் பிழை இருந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

இப்படி ஒரு ஆள் ஏன் தேவைப்பட்டது? இது பெரிய அளவில் பரவியது அமெரிக்காவில். 2009ஆம் ஆண்டு அங்கே ஒரு சட்டம் வந்தது. வைத்தியர்களும் வைத்தியசாலைகளும் கடதாசிக் கோவைகளை விட்டுக் கணினிப் பதிவுக்கு மாறினால் அரசு பணம் கொடுக்கும் என்றது அந்தச் சட்டம். எல்லாரும் மாறினார்கள். மாறிய பிறகுதான் வைத்தியர்கள் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதை விடத் திரையைப் பார்ப்பது கூடிவிட்டது என்று தெரியவந்தது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில் 57 அமெரிக்க வைத்தியர்களின் வேலைநேரத்தைக் கூடவே இருந்து அளந்தார்கள். நோயாளியோடு நேரடியாகச் செலவான ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும், கணினியிலும் மேசை வேலையிலும் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் போயிருந்தது. ‘டொக்டர் என்னை நிமிர்ந்தும் பார்க்கேல்லை’ என்று நாங்கள் குறைப்படுவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

எங்கள் விக்ரோறியா மாநிலமும் இந்த விடயத்தில் முக்கியமானது. வைத்தியர் கத்தரின் வோக்கரும் அவருடைய குழுவினரும் இங்கேயுள்ள 5 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். ஸ்கிறைப் எந்தெந்த வேலைமுறைக்கு வருவது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, அவர் இருந்த நேரத்தையும் இல்லாத நேரத்தையும் ஒப்பிட்டார்கள். முடிவு 2019இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியானது. ஸ்கிறைப் இல்லாதபோது ஒரு வைத்தியர் மணித்தியாலத்துக்குப் பார்த்த நோயாளிகள் சராசரியாக 1.13. ஸ்கிறைப் இருந்தபோது 1.31. கேட்கச் சின்ன வித்தியாசம் போலத் தெரியும். ஆனால் பத்து மணித்தியாலத்தில் 11 பேரைப் பார்ப்பவர் 13 பேரைப் பார்க்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். நோயாளி அந்தப் பிரிவில் தங்கும் நேரமும் 192 நிமிடத்திலிருந்து 173 நிமிடமாகக் குறைந்தது. காத்திருப்பு அறைக் கதிரையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய இருந்தவர்களுக்கு அந்த 19 நிமிடத்தின் அருமை தெரியும்.

ஸ்கிறைப் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்லும் வரலாற்றை எழுதலாம். வைத்தியர் சோதித்துவிட்டு வாய்விட்டுச் சொல்லுவதை எழுதலாம். இரத்தப் பரிசோதனை முடிவைத் தேடி எடுக்கலாம், வாட்டுக்கு ரெலிபோன் எடுக்கலாம், வீட்டுக்கு அனுப்பும் கடிதத்தை ஆயத்தம் செய்யலாம். உங்களைத் தொட்டுச் சோதிக்கக்கூடாது, மருந்து தீர்மானிக்கக்கூடாது, ‘இது பயப்படுகிற வருத்தமில்லை’ என்று ஆறுதல் சொல்லவும்கூடாது. அவரிடம் போய் ‘தம்பி, இந்தக் குளிசையை நிப்பாட்டலாமோ’ என்று கேட்காதீர்கள். பாவம், அவர் முழிப்பார்.

எல்லா வைத்தியசாலையிலும் ஸ்கிறைப் இல்லை. இருக்கும் இடங்களில் அனேகமானவர்கள் மருத்துவ மாணவர்கள், அல்லது மருத்துவம் படிக்க ஆசைப்படும் இளம் ஆட்கள். எங்கள் பிள்ளைகளும் இந்த வேலைக்குப் போகிறார்கள். சம்பளம் பெரிதில்லை. ஆனால் பிள்ளையை வைத்தியராக்கியே தீருவது என்று நிற்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். இரவுக் கடமையில் ஆறு மாதம் ஸ்கிறைப்பாக நின்றுவிட்டு வரட்டும். தனக்கு இந்த உத்தியோகம் சரிவருமா என்று பிள்ளையே உங்களுக்குச் சொல்லும். ரியூசன் வகுப்பு அதைச் சொல்லாது.

இனி எங்களுக்குரிய விடயத்துக்கு வருவோம்.

இலங்கையில் கிளினிக்குக்குப் போனவர்களிடம் ஒரு கொப்பி இருக்கும். வைத்தியர் அதில்தான் எழுதுவார். பிறசர், சீனி, மருந்து எல்லாம் அதற்குள். கொப்பி எங்கள் கையில். வாட்டில் படுத்தால் கட்டில் தலைமாட்டு ரிக்கற்றை வைத்தியசாலை வைத்துக்கொள்ளும். வெளியே வரும்போது வருத்தத்தின் பெயர் எழுதிய அட்டையைத் தருவார்கள். இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் அடையாள அட்டையோடும் பிறப்புச் சான்றிதழோடும் சேர்த்து அந்தக் கொப்பியையும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு போனவர்கள் பலர். எழுத்து புரியாவிட்டாலும் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். இங்கே கொப்பி இல்லை. எல்லாம் திரைக்குப் பின்னால். கையில் இல்லாததைப் பற்றி நாங்கள் கேட்பதும் இல்லை. அதுதான் எனக்குக் கவலை.

அந்தத் திரையில் என்ன எழுதப்படுகிறது? லோறன்ஸ் வீட் என்ற அமெரிக்க வைத்தியர் 1968இல் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு, உலகமெங்கும் மருத்துவக் குறிப்பை நாலு பகுதியாக எழுதும் வழக்கம் பரவியது. நோயாளி சொன்னது முதலாவது. வைத்தியர் கண்டதும் அளந்ததும் இரண்டாவது. அவருடைய அபிப்பிராயம் மூன்றாவது. இனிச் செய்யப்போவது நாலாவது. முதல் பகுதி முழுக்க உங்கள் வாயிலிருந்து வருவது. அது பிசகினால் மற்ற மூன்றும் பிசகும். இரவு பார்த்த வைத்தியர் காலையில் வீட்டுக்குப் போய்விடுவார். அடுத்து வருபவருக்கு உங்களைத் தெரியாது. திரையில் உள்ளதைத்தான் தெரியும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா. பேரன் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். நல்ல பிள்ளை, இங்கே பிறந்து வளர்ந்தவன். அம்மா ‘மயக்கம்’ என்றார். பேரன் அதைத் தலைச்சுற்று என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் சொன்னான். ஸ்கிறைப் அப்படியே எழுதினார். யாரும் பிழை விடவில்லை என்றே சொல்லலாம். பிறகு என்னை அழைத்தார்கள். ‘அம்மா, மயக்கமெண்டா எப்பிடி? தலை சுத்தினதோ, அல்லது அறிவில்லாமல் விழுந்தனீங்களோ?’ என்று வைத்தியரின் அனுமதியோடு கேட்டேன். ‘குளியலறைக்குள்ள விழுந்து கிடந்தன் பிள்ளை. எவ்வளவு நேரமெண்டு தெரியாது. இவன்ர தாய்க்குச் சொல்லிப்போடாதை, பயந்துபோவாள்’ என்றார். வைத்தியரின் முகம் மாறியது. இதயத் துடிப்பைப் பதியும் கருவி வந்தது, இரவு வீட்டுக்கு விடாமல் வாட்டில் வைத்தார்கள். ஸ்கிறைப் முதல் எழுதியதை அழிக்கவில்லை. கீழே நேரத்தைப் போட்டு, உரைபெயர்ப்பாளர் மூலம் பெறப்பட்ட வரலாறு என்று புதிதாக எழுதினார். அதுதான் ஒழுங்கான முறை.

‘மயக்கம்’ ஒன்றுதான் இப்படியென்று நினைக்காதீர்கள். ஊரில் சிலர் ‘வலி வந்தது’ என்றால் வலிப்பு வந்தது என்று பொருள். தமிழ்நாட்டவருக்கு வலி என்பது நாங்கள் சொல்லும் நோ. ‘விறைப்பு’ என்பதைச் சிலர் உணர்ச்சி இல்லை என்பதற்குச் சொல்வார்கள், சிலர் தசை இறுகுவதற்குச் சொல்வார்கள். ‘வாய்வு’ என்று நாங்கள் லேசாகச் சொல்லிவிடும் நெஞ்சு நோ சில வேளை இதயம் தரும் எச்சரிக்கை. தமிழில் சொல் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர். சொல் இருக்கிறது. அந்தச் சொல்லைச் சரியாக ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். அந்தப் பாரத்தைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள். பிள்ளைக்கு முன்னால் தாய் சொல்லாத விடயங்கள் உண்டு. தாய் சொன்னாலும் பிள்ளை சொல்லாமல் விடும் விடயங்களும் உண்டு.

பொது வைத்தியசாலைகளில் உரைபெயர்ப்பாளருக்கு நீங்கள் பணம் கட்டத் தேவையில்லை. மெடிகெயர் அட்டை உள்ளவர்களுக்குக் குடும்ப வைத்தியரிடம் போகும்போதும் அரசாங்கத்தின் மொழிச் சேவையை வைத்தியர் இலவசமாக அழைக்கலாம். பதியும் இடத்திலேயே ‘தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும்’ என்று சொல்லிவிடுங்கள். ஸ்கிறைப் நிற்கும்போது உரைபெயர்ப்பாளரும் இருந்தால், ஒவ்வொரு வசனமாகச் சொல்லி நிறுத்துங்கள். ஒரே மூச்சில் கதை சொன்னால் நடுவில் உள்ளது விழுந்துவிடும். கடைசியில் ஒரு வேண்டுகோள் வையுங்கள்: ‘நான் சொன்னதாக எழுதியதை ஒருக்கால் வாசித்துக் காட்ட முடியுமா?’ பெரும்பாலான வைத்தியர்கள் மறுக்கமாட்டார்கள். இரண்டு நிமிடம்கூட எடுக்காது.

அடுத்ததை வானொலியில் சொல்வதா என்று யோசித்தேன். சொல்லத்தான் வேண்டும்.

எங்களில் பலருக்கு, பக்கத்தில் ஒருவர் பேசாமல் நின்று எழுதுவது என்பது வேறு ஞாபகங்களைக் கொண்டுவரும். சோதனைச் சாவடி. முகாம் பதிவு. விசாரணை அறை. ஒருவர் கேள்வி கேட்க, இன்னொருவர் மூலையில் இருந்து எழுதிக்கொண்டிருப்பார். என்ன எழுதினார் என்று யாரும் காட்டவில்லை. கீழே கையெழுத்துப் போடு என்றார்கள். பிறகு இந்த நாட்டுக்கு வந்தும் அகதி விண்ணப்ப நேர்காணலில் சொன்ன ஒவ்வொரு திகதியும் எழுதப்பட்டது. இரண்டு இடத்தில் இரண்டு திகதி வந்தால் பொய்யன் என்றார்கள். இப்படிப்பட்ட மனிதர் ஒருவர் வயிற்று நோவென்று வந்து, ஸ்கிறைப் உள்ளே வந்த கணத்தில் வாயை மூடிக்கொண்டதை நான் கண்டிருக்கிறேன். கேட்ட எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றார். ‘முந்தி ஏதும் காயமோ, சத்திரசிகிச்சையோ?’ இல்லை. ‘மருந்து ஏதும் எடுக்கிறீங்களோ?’ இல்லை. வைத்தியர் வயிற்றைப் பார்த்தால் நீளமான பழைய தழும்பு. வைத்தியர் புத்திசாலி. ஸ்கிறைப்பை வெளியே நிற்கச் சொன்னார், கணினியை மற்றப் பக்கம் திருப்பினார், கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதன் பிறகுதான் எறிகணைத் துண்டு உள்ளே இருக்கிறது என்ற கதை வெளியே வந்தது. வயிற்றுக்குள் உலோகத் துண்டு இருப்பது தெரியாமல் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கருவி பெரிய காந்தம்.

ஆகவே சில விடயங்களைத் தெளிவாகச் சொல்கிறேன்.

ஸ்கிறைப் வைத்தியசாலையின் ஆள். பொலிசும் இல்லை, குடிவரவுத் திணைக்களமும் இல்லை. வைத்தியருக்கு உள்ள இரகசியம் காக்கும் கடமை அவருக்கும் உண்டு. ‘இவர் யார்?’ என்று நீங்கள் கேட்கலாம். ‘நான் வைத்தியரோடு தனியாகக் கதைக்க விரும்புகிறேன்’ என்றும் சொல்லலாம். அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை, அதனால் உங்கள் வைத்தியம் நிற்கப்போவதும் இல்லை. பெண்கள் உடல் சோதனையின்போது ஆண் ஸ்கிறைப் நிற்பதை விரும்பாவிட்டால் திரைக்கு வெளியே நிற்கச் சொல்லலாம். வைத்தியர் வாய்விட்டுச் சொல்ல அவர் வெளியில் இருந்தே எழுதுவார்.

வைத்தியசாலைக் குறிப்பு குடிவரவுத் திணைக்களத்துக்குத் தானாகப் போவதில்லை. நீதிமன்றக் கட்டளை போன்ற, சட்டம் கோரும் சில சந்தர்ப்பங்கள் விதிவிலக்கு. விசாவுக்காகச் செய்யும் மருத்துவப் பரிசோதனை வேறு. அது திணைக்களத்துக்காகவே செய்யப்படுவது, முடிவும் அங்கேயே போகும். இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணி வைத்தியசாலைப் பக்கமே போகாமல் இருப்பவர்களை நான் அறிவேன். படகில் வந்து வருடக்கணக்காக விசாவுக்காகக் காத்திருந்தவர்களிடம் இந்தப் பயம் அதிகம்.

சித்திரவதையின் தழும்புகளைப் பற்றியும் ஒரு சொல். அதைச் சொல்வதா விடுவதா என்பது உங்கள் முடிவு. யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் ‘விழுந்தனான்’ என்று சொன்னால் ‘விழுந்ததால் ஏற்பட்ட தழும்பு’ என்றுதான் எழுதப்படும், பல வருடங்களுக்குப் பிறகு அந்த வரி உங்களுக்கு எதிராக நிற்கவும் கூடும். சொல்ல விருப்பமில்லை என்றால் ‘அதைப் பற்றி இப்போது கதைக்க விருப்பமில்லை’ என்று சொல்லுங்கள்; அப்படியே எழுதுவார்கள். சித்திரவதையை முறைப்படி ஆவணப்படுத்த 1999இல் வந்த இஸ்தான்புல் நெறிமுறை என்ற சர்வதேச வழிகாட்டி இருக்கிறது. அதற்குப் பயிற்சி பெற்றவரும் போதிய நேரமும் வேண்டும். அவசர சிகிச்சைப் பிரிவில் இரவு இரண்டு மணிக்குச் செய்யக்கூடிய வேலை அல்ல அது. சித்திரவதையிலிருந்து தப்பியவர்களுக்காக மெல்பேர்ணில் 1987 முதல் இயங்கும் பவுண்டேசன் ஹவுஸ் நிறுவனத்தைப் பற்றி உங்கள் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள்.

பெயர் விடயத்தையும் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் பெயர் முறை இங்கே உள்ளவர்களைக் குழப்பும். தகப்பன் பெயர் கடைசிப் பெயராகிறது. ஒரு வீட்டில் புருசனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, பிள்ளைக்கு இன்னொன்று. ஒரே பெயரில் பலர். கணினியில் எழுதும்போது தவறான ஆளின் கோவையைத் திறந்துவிடுவது எல்லா இடத்திலும் அறியப்பட்ட ஆபத்து, ஸ்கிறைப் எழுதினாலும் வைத்தியர் எழுதினாலும். அதனால்தான் பெயரையும் பிறந்த திகதியையும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எரிச்சல்படாமல் ஒவ்வொரு முறையும் முழுதாகச் சொல்லுங்கள். வரும்போது பதிந்த பிறந்த திகதி ஒன்று, உண்மையானது வேறொன்று என்று இருப்பவர்கள், மெடிகெயர் அட்டையில் உள்ள திகதியையே வைத்தியசாலையில் கொடுங்கள். உண்மையான வயதை வைத்தியரிடம் தனியாகச் சொல்லலாம். சில சோதனைகளுக்கு வயது முக்கியம்.

அண்மையில் இன்னொரு மாற்றமும் வந்துவிட்டது. குடும்ப வைத்தியரின் மேசையில் இப்போது ஆளுக்குப் பதிலாக ஒரு மென்பொருள் இருந்து கேட்கிறது. செயற்கை நுண்ணறிவு ஸ்கிறைப் என்கிறார்கள். நீங்களும் வைத்தியரும் கதைப்பதை ஒலிவாங்கி மூலம் எடுத்து, அதுவே குறிப்பை எழுதிக் கொடுக்கும். வைத்தியர்களுக்கு இது பெரிய உதவி என்பதில் சந்தேகமில்லை. என் வைத்தியரும் பாவிக்கிறார். முந்தியை விட என் முகத்தைப் பார்த்துக் கதைக்கிறார். ஆனால் இந்த மென்பொருட்கள் சில வேளைகளில் சொல்லாததைச் சொன்னதாக எழுதிவிடும், ‘இல்லை’ என்ற சொல்லை விட்டுவிடும். ஆங்கிலமும் தமிழும் கலந்து, நடுவில் ரெலிபோனில் உரைபெயர்ப்பாளரும் கதைக்கும்போது அது என்ன எழுதுகிறது என்பதில் கூடுதல் கவனம் தேவை. மனித ஸ்கிறைப்புக்கு விளங்காவிட்டால் முகத்தில் தெரியும், திருப்பிக் கேட்பார். இது கேட்காது.

இந்த நாட்டில் வைத்தியர்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் அமைப்பு 2024இல் இது பற்றி வழிகாட்டல் வெளியிட்டது. இப்படி ஒரு கருவியைப் பாவிக்கும் முன் நோயாளிக்கு விளக்கிச் சம்மதம் பெற வேண்டும். எழுதப்பட்டது சரியா என்று பார்க்கும் பொறுப்பு வைத்தியருடையதே. ஆகவே வரவேற்பு மேசையில் ஒரு தாளை நீட்டினால் வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். ‘இது எதற்கு? ஒலிப்பதிவு எங்கே போகும்? எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்?’ என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். ஒரு விடயத்துக்கு மட்டும் நிறுத்தச் சொல்லவும் முடியும்.

கடைசியாக, எழுதப்பட்டதை நீங்கள் பார்ப்பது எப்படி?

பொது வைத்தியசாலை என்றால் விக்ரோறியாவின் 1982ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் உங்கள் கோவையின் பிரதியைக் கேட்கலாம். சிறிய கட்டணம் உண்டு. வசதி இல்லையென்றால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுமாறு அதே கடிதத்தில் கேளுங்கள். குடும்ப வைத்தியர், தனியார் வைத்தியசாலை என்றால் 2001ஆம் ஆண்டு மருத்துவப் பதிவுகள் சட்டம். எழுத்தில் கேட்பது நல்லது. ‘எல்லாம் வேண்டும்’ என்று கேட்டால் கட்டுக் கட்டாக வரும், செலவும் கூடும். திகதியைக் குறிப்பிட்டு, அன்றைய குறிப்பும் வீட்டுக்கு அனுப்பிய கடிதமும் என்று கேளுங்கள். இணையத்தில் உள்ள அரசாங்கத்தின் சுகாதாரப் பதிவு, 2019இன் தொடக்கத்தில் வேண்டாம் என்று விலகாத பெரும்பாலானோருக்குத் தானாகவே திறக்கப்பட்டது. வைத்தியசாலைக் கடிதங்கள் பல அதற்குள்ளும் வரும். பிள்ளைகளைக் கொண்டு திறந்து பார்க்கலாம், சில ஆவணங்களை மறைக்கவும் செய்யலாம்.

பிழை இருந்தால் திருத்தக் கேட்கும் உரிமை இருக்கிறது. பழைய எழுத்தை அழிக்கமாட்டார்கள், அழிக்கவும் கூடாது. சரியானதைச் சேர்த்து எழுதுவார்கள். வைத்தியர் உடன்படாவிட்டால், உங்கள் பக்கத்தை ஒரு கூற்றாக எழுதிக் கொடுத்துக் கோவையோடு இணைக்கச் சொல்லலாம். அதற்கும் மறுத்தால் மாநிலச் சுகாதார முறைப்பாட்டு ஆணையாளரிடம் போகலாம். அங்கே முறையிடக் காசு இல்லை, உரைபெயர்ப்பாளரையும் தருவார்கள். சாதாரண எழுத்துப் பிழைக்காக இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஆனால் ஒவ்வாத மருந்தின் பெயர், ஒருபோதும் இல்லாத வருத்தம், குடிப்பழக்கம் இல்லாதவருக்குக் குடிகாரர் என்ற குறிப்பு, இவற்றை விடாதீர்கள்.

பெரியவர்களின் பதிவைக் கடைசியாகப் பார்த்த நாளிலிருந்து குறைந்தது 7 வருடம் வைத்திருக்க வேண்டும். சிறு வயதில் எழுதப்பட்டதைப் பிள்ளைக்கு 25 வயதாகும் வரை வைத்திருக்க வேண்டும். வந்த புதிதில் எங்கே எந்த வைத்தியசாலைக்குப் போனோம் என்று மறந்தவர்கள், பிள்ளைக்கு ஏற்றிய தடுப்பூசி விபரங்களைத் தேடுபவர்கள், காலம் கடக்க முன் கேட்டு எடுத்து வையுங்கள்.

மொழிச் சேவையின் இலக்கம் 131 450. எந்த நேரமும் எடுக்கலாம். எடுத்தவுடன் ‘ரமிள்’ என்று ஒரே சொல் சொன்னால் போதும், இணைத்துவிடுவார்கள்.